ஓரணாவும் ஆறேகால் பைசாவும்

ஷேர்ஷா சூரி 16ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட வெள்ளி ரூபாயே நமது ரூபாயின் மூலம். பின்னர் அது 16 அணா, 192 தம்பிடி எனப் பகுக்கப்பட்டு வழங்கிற்று. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறைத்தெண்ணிய நம்மவர்க்கு இப்பகுப்பு இயல்பாகவே பொருந்தியது. வீசம் ரூபாய் என்பது ஓரணாவேயன்றோ!

1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. ஓரணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கோ காசில்லை. எனவே ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19 என முழு எண்ணாக்கினர். நான்கணாவை ஒருசேரப் பெற்றவருக்கு 25 பைசா. ஓரணாப் பண்டத்தை நால்வருக்கு விற்ற கூடைக்காரிக்கு 24 மட்டுமே. பதின்மக் கணக்கின் எளிமையைப் போற்றுவோர் இதனைக் குறிப்பிடுவதில்லை.

1964இல் ‘நயா’ நீங்கியது. 2011இல் 25 பைசாவும் செல்லாதாயிற்று.