இந்திய தேசிய நூலகம்

இந்திய தேசிய நூலகம் கொல்கத்தா அலிப்பூரில், பெல்வெடியர் வளாகத்தில் உள்ளது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்ட இதுவே நாட்டின் மிகப் பெரிய நூலகம்.

1836இல் திறக்கப்பட்ட கல்கத்தா பொது நூலகத்திலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. அரசுத் துறை நூலகங்களை இணைத்து 1891இல் உருவான இம்பீரியல் நூலகத்தோடு அதைச் சேர்த்து, 1903 ஜனவரி 30 அன்று வைஸ்ராய் கர்சன் பிரபு பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். 1948இல் இன்றைய பெயர் வந்தது. வங்காளத் துணைநிலை ஆளுநர்கள் குடியிருந்த பெல்வெடியர் மாளிகையில் 1953 பிப்ரவரி 1 முதல் வாசகர்கள் அனுமதிக்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் முதல் நூலகராக இருந்தவர் மயிலாப்பூரில் பிறந்த பி. எஸ். கேசவன்.

மற்ற நூலகங்கள் வாசகர் தேவைக்கேற்ப நூல்களைத் தேர்ந்து வாங்கும், பழையதைக் கழிக்கும். தேசிய நூலகத்தின் கடமை வேறு. நாட்டில் அச்சாவது எதுவோ அது எல்லாமே இங்கே சேர வேண்டும். இதற்காகவே 1954இல் நூல் வழங்கல் சட்டம் வந்தது. 1956 திருத்தத்தால் நாளிதழ், பருவ இதழ்களும் அதில் அடங்கின. நூல் வெளியான 30 நாட்களுக்குள் பதிப்பாளர் தம் செலவில் இந்நூலகத்துக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். கொல்கத்தாவுக்குப் போகும் படி, அந்நூல் அச்சான தாள்களில் மிக உயர்ந்த தாளில், படங்கள், வரைபடங்கள் எதுவும் விடுபடாமல், கட்டப்பட்டோ தைக்கப்பட்டோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சென்னை கன்னிமாரா உள்ளிட்ட அந்த மூன்று நூலகங்களுக்கு விற்பனைப் படியே போதும். மாற்றமில்லாத மறுபதிப்பை அனுப்ப வேண்டியதில்லை.

அனுப்பத் தவறினால் சட்டம் விதித்த அபராதம் 50 ரூபாய் வரை, அதோடு நூலின் விலை. இந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. சிற்றூரில் ஒருவர் கைக்காசு போட்டு அச்சிட்ட கவிதை நூலோ உள்ளூர் வரலாறோ இங்கு வராமல் போனால், பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு. சட்டத்தை மீறுவதால் வரும் உண்மையான இழப்பு அதுதான்.

சட்டத்தின் வழி வந்தவை போக, கொடையாக வந்த சேகரிப்புகளும் இங்கு ஏராளம். கல்வியாளர் ஆசுதோஷ் முகர்ஜியின் 80,000க்கும் மேற்பட்ட நூல்கள், வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்காரின் நூல்கள், அரபு, பாரசீகச் சுவடிகள் நிறைந்த புஹார் நூலகம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை சேர்த்த நூல்களும் சுவடிகளும் இங்கேதான் தனிச் சேகரிப்பாக உள்ளன. அவருடைய பதிப்புப் பணியை ஆராய்பவர்கள் சென்னையோடு நின்றுவிடாமல் கொல்கத்தாவுக்கும் போக வேண்டும்.