கிணற்றில் கரித்த உப்பு

புதுச்சேரிப் பள்ளியில் நான் பிரெஞ்சில் 'தானெரி' என்று படித்ததைத் திண்டுக்கல்லில் தோல் ஷாப் என்பார்கள். இங்கே குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு விவசாயி மனுவோடு ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரையும் என் மேஜையில் வைத்தார். வாயில் வைக்க முடியாத உப்பு.

அது எங்கிருந்து வந்தது? பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவுவார்கள். பதனிடுமுன் தோலை ஊறவைத்துக் கழுவிய நீர் ஓடைக்குப் போய் நிலத்தில் இறங்கியது. ஆவாரம்பட்டைக் காலத்திலும் இது உண்டு. குரோமியம் பின்னால் சேர்ந்தது. கழிவைச் சுத்திகரித்தாலும் கரைந்த உப்பு லேசில் பிரியாது.

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாக ஓர் ஆய்வு சொன்னது. 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே அது இருக்கிறது. வேலூர் வழக்குதான், ஆனால் நம் மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். ஒரு கிணறு வெட்டக்கூடக் காணாது.

மனுவுக்கு எண் போட்டேன். பாட்டில் பல மாதம் அலமாரியில் இருந்தது.