ஆர்கைவ் லாகும் ஸ்டாண்ட்பை சர்வரும்

உறவுநிலைத் தரவுத்தளத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் லாக் கோப்பில் பதிவாகும். அதன் பிறகுதான் அட்டவணைக் கோப்புகளுக்குப் போகும். மின்சாரம் நின்று சர்வர் விழுந்தாலும், லாகை வரிசையாக இயக்கித் தரவை மீட்கலாம். இந்த லாகைத் தனியே சேமித்து வைப்பது ஆர்கைவ். இன்னொரு சர்வரில் அதை இடைவிடாமல் இயக்கி, மாற்று நகலைத் தயாராக வைத்திருப்பது ஸ்டாண்ட்பை.

இரண்டும் ஏன் வேண்டும்?

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தின் பட்டா விவரங்கள் ஒரு தரவுத்தளத்தில் இருப்பதாகக் கொள்வோம். வன்தட்டு பழுதானால் ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கும். யாரேனும் மாலை 3.10க்கு நிபந்தனை இடாமல் டெலீட் கட்டளை கொடுத்துவிட்டாலோ, அந்த அழிப்பும் நொடிகளில் ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். அப்போது பழைய அடிப்படை நகலை எடுத்து, ஆர்கைவ் லாகை 3.09 வரை மட்டும் இயக்கி நிறுத்துவதே வழி.

போஸ்ட்கிரெஸ் அமைப்பு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில் ஆர்கைவ் வசதி 8.0 பதிப்பிலும் (2005), நேரடி லாக் ஓட்டம் 9.0 பதிப்பிலும் (2010) வந்தன. ஆர்கைவ்_மோட் அமைவை 'ஆன்' செய்து, ஆர்கைவ்_கமாண்டில் நகலெடுக்கும் கட்டளையைத் தர வேண்டும். லாக் கோப்பு ஒன்றின் இயல்பளவு 16 எம்.பி. கோப்பு பத்திரமாகச் சேர்ந்த பிறகே கட்டளை 0 என்ற மதிப்பைத் திருப்ப வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதவே கூடாது. கட்டளை தொடர்ந்து தோற்றால் லாக் குவிந்து தட்டு நிரம்பும், தரவுத்தளமே நின்றுவிடும். ஸ்டாண்ட்பைக்கான அடிப்படை நகலை பிஜி_பேஸ்பேக்கப் கருவி எடுத்துத் தரும்.

லாகை ஸ்டாண்ட்பைக்கு அனுப்ப இரு முறைகள் உண்டு. ஒத்திசைவு முறையில், ஸ்டாண்ட்பை லாகைப் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பிறகே பரிவர்த்தனை முடியும். தரவு இழப்பு இல்லை, தாமதம் உண்டு. ஒத்திசைவற்ற முறை வேகமானது. கடைசிச் சில பரிவர்த்தனைகள் இழக்கப்படலாம்.

இந்திய அனுபவம்

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் பல மணி நேரம் நின்றது. பேரிடருக்கான மாற்று மையத்துக்குச் சந்தை மாறவில்லை. அடுத்த மாதமே பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி விதியை இறுக்கியது: பேரிடர் அறிவித்த 45 நிமிடங்களுக்குள் சேவை மீள வேண்டும், தரவு இழப்பு 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. 2024 மார்ச் 2 சனிக்கிழமை சிறப்பு அமர்வில், மாற்று மையத்திலிருந்தே வர்த்தகம் நடத்திப் பார்த்தார்கள்.

எந்த அலுவலகத்துக்கும் இந்த ஒத்திகை அவசியம். சோதனைச் சர்வரில் முறைப்படி மீட்டுப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி_ஸ்டாட்_ஆர்கைவர் காட்சியில் ஆர்கைவ் தோல்வி எண்ணிக்கை ஏறுகிறதா என்று தினமும் கவனிக்க வேண்டும்.