தகவமை வலைவடிவமைப்பு

தகவமை வலைவடிவமைப்பு என்பது, ஒரே இணையப் பக்கம் கைப்பேசி முதல் மேசைக் கணினி வரை அவ்வத் திரையின் அகலத்திற்கேற்பத் தன் அமைப்பைத் தானே மாற்றிக்கொள்ளுமாறு இயற்றும் முறையாகும். 2007-இல் வெளிவந்த ஐபோன், 320 பிக்சல் அகலமே உடைய தன் திரையில், பக்கத்தை 980 பிக்சல் அகலமுடையதாகப் பாவித்துச் சுருக்கிக் காட்டியமையால், எழுத்துகள் வாசிக்கவொண்ணாத சூட்சும வடிவம் எய்தின. பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்திற்கே பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் என்னும் குறிச்சொல் இதற்கு ஒருவாறு பரிகாரமாயிற்று. 2010 மே மாதத்தில் வலைவடிவமைப்பாளர் ஈதன் மார்க்காட், விகிதாசாரக் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையகலத்தை வினவி நடைவிதிகளை மாற்றும் மீடியா குவரி ஆகிய மூன்றையும் இணைத்து, இம்முறைக்குப் பெயரும் லட்சணமும் வகுத்தார். விகிதாசாரக் கட்டத்தில், எடுத்துக்காட்டாக, 960 பிக்சல் பக்கத்தில் 300 பிக்சல் பத்தி 31.25 சதவீதமாகக் குறிக்கப்படும். குறுகிய திரையிலோ பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். பெரிய படத்தைச் சுருக்கிக் காட்டுவதால் மட்டும் தரவுச் செலவு குறைவதில்லை என்பது ஆரம்பகாலத்தின் மெய்யான குறை. மீடியா குவரி 2012 ஜூனில் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியத்தின் பரிந்துரைத் தரமாயிற்று.