ஐந்தாம் வகுப்புக்கு அப்பால்

இலங்கை மலையகத்துக்கு உயர்நிலைக் கல்வி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்ற கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள்: தோட்டத்துப் பெற்றோருக்குப் படிப்பில் நாட்டமில்லை, பிள்ளையின் கைக்குத் தேயிலைக் கொழுந்து எட்டியதும் மலைக்கு அனுப்பிவிடுவார்கள். வெள்ளைத் துரைமார் சொன்னதை அதிகாரிகள் சொன்னார்கள். பிறகு படித்த நகரத்துத் தமிழர்களும் சொன்னார்கள். பெற்றோரை விட்டுவிட்டுச் சட்டங்களைப் பார்த்தால் இந்தப் பதில் நிற்பதில்லை. தோட்டப் பிள்ளையின் படிப்பு எந்த வயதில் முடிய வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு முன்பே அரசும் தோட்ட நிர்வாகமும் தீர்மானித்திருந்தன.

1907-ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், ஆறிலிருந்து பத்து வயதுக்குட்பட்ட தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும் அதற்கென ஓர் அறையைப் பராமரிப்பதையும் தோட்டத்துரையின் பொறுப்பாக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, இந்திய அரசின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1927-இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929-இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். பத்து வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் விதி இருந்தது. இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் கைவிடும் அதே வயதில் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேடு பெயரைப் பதிந்துகொள்கிறது. நடுவில் ஓராண்டு இடைவெளிகூட இல்லை. இதைச் சதி என்று சொல்ல ஆதாரம் வேண்டும். என்னிடம் அது இல்லை. தற்செயல் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. தோட்டத்துக்குத் தேவைப்பட்டது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தொழிலாளி. அதற்கு மேல் படித்தவனுக்கு அங்கே வேலையும் இல்லை, இடமும் இல்லை.

கிராமத்தில் பள்ளிக்கூடம் என்ற ஒன்றே அரிதாக இருந்த காலத்தில் தோட்டத்தில் பள்ளி நடந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிறிஸ்தவ மிஷனரிமார் 1854-இலேயே தோட்டத் தமிழரிடையே தனி மிஷன் அமைத்துப் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்து அறையிலோ வாசலிலோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் உறவுக்காரர், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த லயப் பள்ளிகளும் இருந்தன. ஆனால் எண்ணிக்கையைக் காட்டுவது கேள்விக்குப் பதிலாகாது. கிராமத்துப் பள்ளி எவ்வளவு எளியதாக இருந்தாலும் அது ஒரு கல்வித் திணைக்களத்தின் கடைசிப் படி. அதிலிருந்து மேலே ஏற வழி இருந்தது. தோட்டப் பள்ளியோ தோட்டத்தின் சொத்து. கட்டடம் துரையுடையது, வாத்தியாருக்குச் சம்பளம் தருபவர் துரை, வெளியாள் எல்லைக்குள் நுழையவும் துரையின் அனுமதி வேண்டும். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு நடத்திய அந்தப் பள்ளியில் ஐந்தாவது முடித்த பிள்ளைக்கு அடுத்த வகுப்பு எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

இந்த வேறுபாடு முழுதாக வெளிப்பட்டது 1940-களில். கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஏழைக் கிராமத்துப் பிள்ளை புலமைப்பரிசில் பெற்று விடுதியில் தங்கிப் படிக்கலாம். இலங்கையின் சமூக வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை அதிகம் இல்லை. ஆனால் தோட்டப் பள்ளிகள் இந்த அமைப்புக்கு வெளியே நின்றன. நாடு இலவசக் கல்வி பெற்ற மூன்றாம் ஆண்டில், 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வாக்குரிமையும் போனது. 1947-இல் தோட்ட வாக்குகளால் நாடாளுமன்றம் போன ஏழு பேரில் ஒருவர், தலவாக்கலைத் தொகுதியின் சி. வி. வேலுப்பிள்ளை, எழுத்தாளரும் ஆசிரியருமானவர். தோட்டப் பள்ளிக்காக வாதாட அத்தகைய குரல் அதன்பின் பல ஆண்டுகள் அவையில் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் பட்டியலில் சேரவில்லை. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடம் எந்த அமைச்சருக்கும் அவசரம் அல்ல.

இந்தப் பின்னணியில்தான் பெற்றோரின் அக்கறையைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளைகளை வேலைக்கு நிறுத்திய குடும்பங்கள் ஏராளம் என்பதை மறுக்க முடியாது. அரைநாள் கூலியான அரைப்பேர்ச் சம்பளம்கூட அடுப்புக்கு உதவியது. ஆனால் அரசாங்க உத்தியோகத்துக்குக் குடியுரிமை வேண்டும், தோட்டத்து அலுவலகக் கதிரைகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை தேறிய பையன் எங்கே போவான்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்ட பிறகு, எந்த நாட்டில் எந்த மொழியில் பிள்ளை பிழைக்கும் என்பதே தெரியாத நிலை. அந்த நிலையில் பத்து மைல் தள்ளி இருக்கும் பள்ளிக்குச் செலவழிக்கத் தயங்கிய தகப்பனைப் பொறுப்பற்றவன் என்பது எளிது. அவன் போட்ட கணக்கு பிழையென்று நிரூபிப்பது கடினம்.

அக்கறையின்மை காரணம் அல்ல என்பதற்கு ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியே சான்று. மிஷன் பள்ளியாகத் தொடங்கிய அது, நகரத்துக் கடைக்காரர் பிள்ளைகளோடு, எட்டக்கூடிய தூரத்துத் தோட்டப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பிய இர. சிவலிங்கமும், எஸ். திருச்செந்தூரனும் அறுபதுகளில் அங்கே கற்பித்தார்கள். அந்த வகுப்பறைகளைச் சுற்றி ஓர் இளைஞர் எழுச்சியே உண்டானது. ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அதிலிருந்து வந்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஒன்று எட்டும் தூரத்தில் இருந்த இடத்தில் பெற்றோர் அனுப்பினார்கள். இல்லாத இடத்தில் அனுப்பவில்லை.

தோட்டங்கள் 1975-இல் தேசியமயமாயின. 1977 முதல் பள்ளிகளை அரசு படிப்படியாகக் கையேற்றது. பிறகு ஸ்வீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன, ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது, தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களாயினர். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்பாரும் உண்டு. ஐந்தாம் வகுப்பு என்ற எல்லை கல்வி ஏணியில் மேலே நகர்ந்தது என்றே நான் சொல்வேன். தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் நடத்தும் பள்ளிகள் மலையகத்தில் நெடுங்காலம் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கீடு வந்தபோது, நுவரெலியாவுக்குக் கிடைத்த இடங்களுக்காகப் பிற மாவட்ட மாணவர்கள் அங்கே பதிந்து பரீட்சை எழுதினார்கள். மருத்துவப் பீடத்து இடம் காகிதத்தில் மலையகத்துக்கு இருந்தது. அதற்குப் போட்டியிட வேண்டிய பிள்ளையின் பள்ளியில் இரசாயன ஆசிரியர் இல்லை.