டல்லாஸ் கௌபாய்ஸ்: ஒரு தாக்குதல் வரிசை உருவான வரலாறு

அமெரிக்கக் கால்பந்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் 1966 முதல் 1985 வரை ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளை அதிகமாகக் கண்டதில்லை. 1988-இல் அதே அணி 16 ஆட்டங்களில் 13-இல் தோற்றது. 1989 பிப்ரவரியில் எண்ணெய்த் தொழிலதிபர் ஜெரி ஜோன்ஸ் அணியை விலைக்கு வாங்கினார். 1960-இல் அணி தொடங்கிய நாள் முதல் பயிற்சியாளராக இருந்த டாம் லாண்ட்ரி நீக்கப்பட்டு, மியாமி பல்கலைக்கழக அணியை வழிநடத்திய ஜிம்மி ஜான்சன் பொறுப்பேற்றார்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1936 முதல் நடக்கிறது. அதிகம் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பை வேறு அணிக்குக் கைமாற்றவும் செய்யலாம். 1989-இல் முதல் வாய்ப்பைப் பெற்ற டல்லாஸ், பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் டிராய் எய்க்மேனை எடுத்தது. பந்தைப் பிடிக்க முந்தைய ஆண்டே வந்த மைக்கேல் இர்வின் இருந்தார். ஆனால் எய்க்மேனைக் காக்க வலுவான முன்வரிசை இல்லை. அவர் தொடங்கிய 11 ஆட்டங்களும் தோல்வியில் முடிந்தன. அணி அந்தப் பருவத்தில் வென்றது ஒரே ஒரு ஆட்டம்.

அணியிடம் விலைபோகக்கூடிய சொத்து ரன்னிங் பேக் ஹெர்ஷல் வாக்கர் ஒருவர்தான். 1988-இல் அவர் பந்துடன் ஓடிக் கடந்தது 1,514 கெஜம். 1989 அக்டோபர் 12 அன்று ஜான்சன் அவரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஐந்து வீரர்களும் டிராஃப்ட் வாய்ப்புகளும் வந்தன. ஒப்பந்தத்தின் சூட்சுமம் அதன் நிபந்தனையில் இருந்தது: குறித்த தேதிக்குள் ஒரு வீரரை டல்லாஸ் விடுவித்தால், அவரோடு இணைக்கப்பட்ட வாய்ப்பு டல்லாஸுக்கே சேரும். வீரர்களே பேரத்தின் மையம் என்று மினசோட்டா எண்ணியது. ஜான்சன் குறிவைத்ததோ வாய்ப்புகளை. முடிவில் மூன்று முதல் சுற்று, மூன்று இரண்டாம் சுற்று வாய்ப்புகள் அவர் கைக்கு வந்தன. வாக்கர் மினசோட்டாவில் ஒரு பருவத்தில்கூட 1,000 கெஜத்தை எட்டவில்லை.

1990-இல் அந்த முதல் சுற்று வாய்ப்புகளில் ஒன்றைப் பிட்ஸ்பர்க் அணியோடு பரிமாறி, 21-ஆம் இடத்திலிருந்து 17-க்கு முன்னேறி, டல்லாஸ் எம்மிட் ஸ்மித்தை எடுத்தது. வாக்கர் பேரத்தின் மிகப் பெரிய பலன் அவர்தான். 1991, 1992 இரண்டு பருவங்களிலும் லீகில் அதிக தூரம் ஓடியவர் ஸ்மித்.

வாக்கர் பேரத்தின் புகழில் மற்ற வழிகள் மறைந்துபோகின்றன. அன்றைய 'பிளான் பி' விதிப்படி ஒவ்வோர் அணியும் 37 பேரை மட்டுமே தக்கவைத்துக்கொள்ள முடியும். மீதிப் பேர் விரும்பிய அணியில் சேரலாம். பீனிக்ஸ் அணி அப்படிக் கைவிட்ட டைட் எண்ட் ஜே நோவாசெக், எய்க்மேன் நெருக்கடியில் முதலில் தேடும் ஆளானார். முன்வரிசை இன்னும் எளிய இடங்களிலிருந்து திரண்டது. மார்க் டுயினேயை எந்த அணியும் டிராஃப்டில் எடுத்திருக்கவில்லை. நேட் நியூட்டன் மூடப்பட்ட போட்டி லீகிலிருந்து வந்தவர். எரிக் வில்லியம்ஸ் 1991-இன் மூன்றாம் சுற்றில் கிடைத்தார். இவர்கள் இல்லாமல் ஸ்மித்துக்கு ஓட வழி இருந்திருக்காது.

ஆள்சேர்ப்பு மட்டும் போதவில்லை. 1990-இல் ஸ்மித்தும் நோவாசெக்கும் இருந்தும், கடந்த கெஜக் கணக்கில் டல்லாஸின் தாக்குதல் 28 அணிகளில் கடைசி. 1991-இல் தாக்குதல் பொறுப்பை ஏற்ற நார்வ் டர்னர், வீசும் நேரத்தை ஓடும் தடங்களோடு துல்லியமாகப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். எய்க்மேனின் கைக்கு அது இயல்பாகப் பொருந்தியது. அதே ஆண்டு, முதல் வாய்ப்புக்கு 3,000 புள்ளி என்று தொடங்கி ஒவ்வொரு வாய்ப்புக்கும் மதிப்பிடும் அட்டவணையை ஜோன்ஸின் கூட்டாளி மைக் மெக்காய் உருவாக்கினார். பிற அணிகளும் பின்னர் அதைப் பின்பற்றின.

1991-இல் 11 வெற்றி, 1992-இல் 13. 1993 ஜனவரி 31 அன்று பசடேனாவில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் டல்லாஸ் பஃபலோ பில்ஸை 52–17 என வீழ்த்தியது. எய்க்மேன் நான்கு டச்டவுன் பாஸ்களை வீசினார். மறுபருவமும் கோப்பை டல்லாஸுக்கே.

1993-இல் வீரர்களுக்கு முழு அளவிலான அணிமாறும் உரிமையும், 1994-இல் சம்பள உச்சவரம்பும் வந்தன. இதனால் எல்லோரையும் தக்கவைக்க முடியவில்லை: முன்வரிசையின் மையத்தில் ஆடிய மார்க் ஸ்டெப்னோஸ்கி, பந்து பிடிக்கும் ஆல்வின் ஹார்ப்பர் உள்ளிட்டோர் வேறு அணிகளுக்குப் போனார்கள். ஜான்சனும் 1994-இல் விலகினார். 1995 பருவத்தில் வென்றதே டல்லாஸின் கடைசி சூப்பர் பவுல்.