ஒற்றை வளச் சார்பு (கொல்லிமலை)

ஒரு நாட்டின் அல்லது வட்டாரத்தின் வருமானம் ஒரே விளைபொருளையோ கனிமத்தையோ நம்பி நிற்கும் நிலை. எண்ணெய் இதற்குப் பெரிய சான்று. வெனிசுவேலாவின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்தே வந்தது. 2014இல் விலை சரிந்தபின் உணவும் மருந்தும் இறக்குமதி செய்யப் பணமில்லாமல் போயிற்று.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் எண்ணெய் இல்லை. அங்கே அந்த இடத்தைப் பிடித்தது மரவள்ளிக் கிழங்கு. மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு அதையே உண்டு வந்தனர். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளின் தேவை பெருகியதும், கைக்குக் காசு தரும் கிழங்கு சிறுதானிய நிலங்களை விழுங்கியது. ரேஷன் அரிசி கிடைத்ததும், சாமையை உரலில் குத்தும் பெண்களின் உழைப்புக்கு மாற்று இல்லாததும் இதை விரைவுபடுத்தின. இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை.

கிழங்கின் விலை மலையில் முடிவாவதில்லை, சமவெளியில் முடிவாகிறது. அறுவடைக்குப் பத்து மாதம் ஆவதால், விலை விழுந்தால் ஓராண்டு உழைப்பே போகும். விற்காத சாமையைச் சமைக்கலாம். ஆலைக்கென வளர்த்த கிழங்கு அதற்கு ஈடான உணவாகாது.

எண்ணெய்ப் பணத்தை நார்வே 1990இல் தொடங்கிய நிதியத்தில் சேமித்தது. சிறு உழவருக்கு அத்தகைய நிதியம் கிடையாது. விதைக் குதிரே அவருடைய சேமிப்பு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் உள்ளூர் விதைகளைக் காத்து, உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது சரியான இடத்தில் கைவைத்த பணி.